பஸ் நேரம் பார்த்துப் பிடுங்கப்படும் பற்கள்

வத்தல்மலை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் அக்கா, தங்கைகளுக்கு,

நான் தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறவள். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று மலையிலிருந்து வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "புடுங்கி விட்டுடுங்கம்மா." எந்தப் பல், எத்தனை நாள் வலி, காப்பாற்ற வழி உண்டா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது அறியாமை என்று கீழே இருக்கிறவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது நன்றாகப் போட்ட கணக்கு. பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சை என்றால் இரண்டு, மூன்று முறை வரவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு உண்டு, ஆடு மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். காபி பழம் பறிக்கும் நாளாக இருந்தால் அந்த ஒரு நாள் இன்னும் கனமாக விழும். பிடுங்குவது ஒரே வேலை. காலையில் இறங்கி மாலையில் வீடு திரும்பலாம். இந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. பல்லின் கதியைப் பல்லின் நிலைமை முடிவு செய்யாமல் பஸ் முடிவு செய்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை. அதனால்தான் இந்த மடல். வீட்டில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறவர்கள் நீங்கள். கிழவியின் கன்னம் வீங்கினால் முதலில் கவனிக்கிறவர்களும் நீங்கள்தான்.

முதலில் பல்லைப் பற்றிக் கொஞ்சம். பல் தாடை எலும்பில் ஆணி அடித்தது போல நிற்பதில்லை. எலும்புக் குழிக்குள் வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவற்றில்தான் பல் தொங்கி நிற்கிறது. பிடுங்குகிறபோது நாங்கள் இழுப்பதைவிட அசைப்பதே அதிகம். இப்படியும் அப்படியுமாக அழுத்தி, அந்த நார்களை அறுத்து, குழியைச் சற்று விரித்து, பிறகு வெளியே எடுக்கிறோம். மரத்துப்போகச் செய்யும் ஊசி வலியை நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. "ஊசி போட்டும் தெரியுதே" என்று பதறுகிறவர்களுக்குத் தெரிவது அந்த அழுத்தம். நிஜமாகவே வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய வேலையே இல்லை இது.

எப்போது பிடுங்கத்தான் வேண்டும்? சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக் கூடு வரை போய், மேலே கட்டி எழுப்ப ஒன்றும் மிஞ்சாமல் வேர் மட்டும் நிற்கும்போது. ஈறு நோயில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, பல் நாக்கு பட்டாலே ஆடும்போது. அடிபட்டு வேர் நெடுக்காகப் பிளந்தபோது. கடைசிக் கடவாய்ப்பல் படுக்கைவாட்டில் முளைத்து முன் பல்லை இடித்து, அடிக்கடி ஈறு வீங்கும்போது. நிலைப்பல் பக்கத்தில் முளைத்துவிட்ட பிறகும் பால்பல் விழாமல் நிற்கும்போது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன், கெட்ட பற்களை எடுத்துவிடச் சொல்வார்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிற்பாடு பிடுங்கினால் புண் ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இப்படிப்பட்ட பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் கெடுதல்.

வலிக்கிறது என்பது மட்டும் பிடுங்கக் காரணம் இல்லை. சில்லென்று தண்ணீர் பட்டால் சுரீர் என்று வலித்து உடனே நின்றுவிடுகிறதா? அநேகமாகச் சொத்தை இன்னும் நரம்பைத் தொடவில்லை. சுரண்டி அடைத்தால் ஒரே முறையில் முடிந்துவிடும். ராத்திரியில் தானாகவே துடிக்கிறது, சூடான டீ பட்டால் நெடுநேரம் வலிக்கிறது என்றால் நரம்பைத் தொட்டுவிட்டது. வேர் சிகிச்சைக்கோ குறட்டுக்கோ வந்து நிற்கிறது. முதல் வகை வலியோடு யாரும் மலையிறங்கி வருவதில்லை. இரண்டாம் வகை வலியையும் பொறுத்து, அது தானாக அடங்கிப்போய் "சரியாயிடுச்சு" என்று விட்டு, முகம் வீங்கிய பிறகு வருகிறார்கள். வலி நின்றது சரியானதால் அல்ல. உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். சீழ் அதற்குப் பிறகு வருவது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள். ஆறு வயதையொட்டி, பால்பற்கள் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடவாய்ப்பல் முளைக்கும். ஒரு பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிலைப்பல். ஆயுசுக்கும் அந்த ஒன்றுதான். வாயிலேயே அதிகம் மெல்லும் பல்லும் அதுதான். அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் மாவும் சர்க்கரையும் அங்கே போய் அப்பிக்கொள்ளும். உங்கள் காபியையும் மிளகையும் கீழே கொண்டுவரும் அதே ரோடுதான் அந்தப் பாக்கெட்டுகளை மேலே ஏற்றிவருகிறது. ரோடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொத்தையான அந்தக் கடவாய்ப்பல்லைப் பிடுங்குவது மட்டும் என்னால் சுலபமாகச் செய்ய முடியாத வேலை. பிடுங்கியபின் பின்னால் வரும் பல் அந்த இடத்தை நோக்கிச் சாயும், எதிர்த் தாடைப் பல் வெற்றிடத்துக்குள் நீளும், மெல்லுவதே ஒரு பக்கமாகிப் போகும்.

"பால்பல்தானே, விழப்போறதுதானே" என்பதும் பாதி உண்மைதான். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். பால் கடவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்கவேண்டியவை. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. ஐந்து வயதில் அதைப் பிடுங்கிவிட்டால் இடம் சுருங்கி, நிலைப்பல் கோணலாக வரும்.

பெரியவர்களுக்குப் பல் போனது ஏன் உறைப்பதில்லை என்று யோசித்திருக்கிறேன். நம் ஊர்க் களி ஒரு காரணமாக இருக்கலாம். கேழ்வரகுக் களியை யார் மெல்லுகிறார்கள்? உருட்டி, குழம்பில் தொட்டு, விழுங்குகிறோம். நாலு கடவாய்ப்பல் போனாலும் களி இறங்கும். நிலக்கடலையும் மக்காச்சோளமும் கறியும் இறங்காது. ஐம்பது வயதில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தியவர்களிடம் கேட்டால் "பிடிக்கல" என்பார்கள். மெல்ல முடியவில்லை என்பதுதான் காரணம்.

இனி, கண். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் மலையில் மட்டும் அல்ல, தர்மபுரி டவுனிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. மேல் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு முகத்துக்கான ஐந்தாம் மூளை நரம்பின் ஒரு கிளை. பார்வை நரம்பு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்று. கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல் குழியில் என்ன செய்தாலும் அதைத் தொட முடியாது. பிறகு ஏன் ஊரில் நாலு பேர் "எனக்குப் போச்சே" என்கிறார்கள்? பல் ஆட ஆரம்பிக்கிற வயதும், வெள்ளெழுத்தும் கண்புரையும் வருகிற வயதும் ஒன்றாக இருப்பதால். பல்லைப் பிடுங்காவிட்டாலும் அந்தக் கண்புரை வந்திருக்கும்.

சொத்தையில் புழு இருக்கிறது என்று கண்டங்கத்திரிப் பழத்தை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்க வைப்பார்கள். வெள்ளையாக நூல் போல விழுவதைக் காட்டி "பாரு புழு" என்பார்கள். கத்தரிக் குடும்பத்து விதைகள் சூட்டில் வெடித்தால் உள்ளே சுருண்டிருக்கும் வெள்ளை முளை வெளியே வரும், விழுவது அதுதான். ஐரோப்பாவிலும் இதே புகையும் இதே நம்பிக்கையும் இருந்தன. பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட தன் நூலில், பல்லில் அப்படிப் புழுவைத் தான் கண்டதில்லை என்று மறுத்தார். புகையால் பெரிய கேடில்லை, நாள் தள்ளிப்போவதுதான் கேடு. எருக்கம்பாலை வைப்பது அப்படி அல்ல, உதடும் ஈறும் வெந்துபோகும். வலி மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் வைப்பதும் புகையிலையை அடக்கிக்கொள்வதும் அதே ரகம். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தால் கொஞ்ச நேரம் வலி அடங்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீக்கம் என்றால் விளையாட்டு இல்லை. கன்னம் வீங்கினால் வெளியிலிருந்து சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். சீழ் கன்னத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும், தழும்பு நிற்கும். மெடிக்கல் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் வடியும், சொத்தை அப்படியே இருக்கும், மறுபடி வரும். கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையாகி, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் போல வீங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்குழாய் அடைபட்டு ஆள் சாகக்கூடிய நிலைமை அது. உடனே 108. ஆம்புலன்ஸ் வளைவுகளில் ஏறிவர நேரமாகும் என்று தோன்றினால், அவர்களிடம் பேசிக்கொண்டே ஏதாவது ஒரு வண்டியில் நோயாளியை உட்கார்ந்த நிலையில் கீழே இறக்க ஆரம்பியுங்கள். படுக்க வைக்கக் கூடாது.

பிடுங்க வேண்டும் என்று முடிவாகிவிட்டால், அந்த நாளை எப்படி வைத்துக்கொள்வது? வெறும் வயிற்றோடு வராதீர்கள். ஊசி போட்டுப் பிடுங்குவதற்குப் பட்டினி தேவையில்லை. சாப்பிடாமல் வந்தால்தான் மயக்கம் வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, அட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டி இருந்தால் அன்றைக்குப் பிடுங்க மாட்டோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதயத்துக்காக ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பு ஊசி போட்டவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். மாதவிலக்கு நாளா, தாராளமாக வரலாம். கர்ப்பமா, நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சீழும் காய்ச்சலும் இருந்தால் எந்த மாதமானாலும் வந்தாக வேண்டும்.

காலையிலேயே வாருங்கள். மதியத்துக்குள் பிடுங்கிவிட்டால், பஞ்சைக் கடித்தபடி முக்கால் மணி நேரம் எங்கள் கண்ணெதிரிலேயே உட்காரலாம். ரத்தம் நின்றதைப் பார்த்து அனுப்புவோம். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போது பிடுங்கச் சொல்லாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. பல் குழியில் உறைந்த ரத்தக் கட்டிதான் புண் ஆறுவதற்கான அஸ்திவாரம். குமட்டி வாந்தி எடுத்தால் அது பெயர்ந்துபோய் மறுபடி ரத்தம் வரும். வாந்தி வருகிற ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரை தருகிறோம்.

வீட்டுக்குப் போனபின் ஒரு நாள் முழுக்கத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், எச்சிலை விழுங்கிவிடுங்கள். தயிர்ச்சோறு, ஆறிய கூழ் சாப்பிடலாம். டீ ஆறட்டும். பீடி, வெற்றிலை, புகையிலை கிட்டவே கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாக விடலாம். எச்சில் இளஞ்சிவப்பாக வந்தால் பயம் வேண்டாம். வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துக் குழிமேல் வைத்து அரை மணி நேரம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திக் கடியுங்கள். அதிலும் நிற்காவிட்டால் இறங்கி வாருங்கள். மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும் வலியும் கெட்ட வாடையும் வந்தால் ரத்தக் கட்டி போய்க் குழி வறண்டிருக்கிறது என்று அர்த்தம். பீடி பிடிக்கிறவர்களுக்கு இது அதிகம். மருந்து வைத்தால் அடங்கும். மூன்று வாரமாகியும் குழி மூடாமல் சதை வளர்ந்தால், அல்லது காரணமே தெரியாமல் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பல் ஆடினால், அதிலும் புகையிலை போடுகிறவராக இருந்தால், புற்றுநோய்ப் பரிசோதனை செய்யாமல் இன்னொரு பல்லைப் பிடுங்க விடாதீர்கள்.

கறைப் பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தர்மபுரி மாவட்டத்தில் பல் என்றாலே அந்தப் பேச்சு வரும். இங்கே சமவெளியில் பாறை அடியிலிருந்து வரும் ஆழ்குழாய் நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டியது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயதுக்குள், அதிகமாகக் குடித்தால் பல் வெள்ளைத் திட்டாகவும் பழுப்பாகவும் முளைக்கும். ஜப்பான் நிதியுதவியில் 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. திட்டத்தின் பெயரிலேயே, ஃபுளோரைடு பாதிப்பைக் குறிக்கும் ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. கீழே இருந்து மருமகளாக வந்த பெண்ணுக்குப் பழுப்புப் பல் இருந்தால் அது சொத்தை அல்ல, பல் விளக்காத சோம்பேறித்தனமும் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் பேச்சுக்குப் பயந்து முன்பல்லைப் பிடுங்கிக் கட்டுப்பல் வைக்கலாமா என்று கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். கூடாது. கறையை மறைக்க மேற்பூச்சு வழிகள் உண்டு. பல் வலுவாக இருந்தால் அதன்மேல் குறடு வைப்பது அநியாயம்.

சந்தையில் உட்கார்ந்து பிடுங்குகிறவரிடமும், கருவியை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொல்லாத இடத்திலும் வாயைத் திறக்காதீர்கள். 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டுப் பேர் மூளைத் தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமி, திறந்து வைத்துப் பயன்படுத்திய சலைன் பாட்டிலில் இருந்ததாக 2025இல் வெளியான ஆய்வு சொன்னது. அது கூரையும் போர்டும் இருந்த இடம். உறை பிரித்த புது ஊசியா, கருவி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்ததா, சலைன் இப்போது திறந்ததா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. அங்கே பிடுங்கக் காசு இல்லை.

இதெல்லாம் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவருகிற பெண் தன்னார்வலர்கள் உங்களைப் போன்ற மகளிர் குழுக்களில் இருந்து வந்தவர்கள். சொத்தைக்கு அப்படி யாரும் வாசலுக்கு வருவதில்லை. பல் மருத்துவத்துக்கு நாற்காலி வேண்டும், கரண்டு வேண்டும், ஏற்றி வர முடியாது என்பார்கள். முழுக்கச் சரியில்லை. 1980களின் நடுவில் டான்சானியாவின் கிராமங்களில், மின்சாரமே இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, ஒட்டும் சிமென்டால் அடைக்கும் முறை உருவானது. ஊசி, மோட்டார் எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. பள்ளிக்கூட பெஞ்சில் படுக்க வைத்தே செய்யலாம். அந்தச் சிமென்டையும், சொத்தை பரவாமல் நிறுத்தத் தடவும் வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப்போகும், ஆனால் பால்பல் தன் காலம் வரை நிற்கும். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவின் பட்டியலிலும் பல் நோய் இருக்கிறது. பார்த்து, எழுதி, கீழே போகச் சொல்வதோடு அது முடிந்துவிடக் கூடாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபையில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர் ஒருவர் கைக்கருவியோடும் சிமென்டோடும் வத்தல்மலைப் பள்ளிகளுக்கு வரவேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்ட சுகாதார அலுவலருக்கும் குழுவின் பெயரில் அனுப்புங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பல்லைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தப் பிள்ளைகளை எல்லாம் ஒரே வண்டியில், ஒரே நாளில், வலி வருவதற்கு முன்பே கீழே கூட்டிவாருங்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து உங்கள் பல் டாக்டரம்மா